கத்தரி கை மாறிய கதை

2023 மார்ச் முதல் வாரத்தில் ஒரு நாள் காலை, ஏழாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் ஐந்து பேருக்கு வரவில்லை என்று குறித்தேன். ஐவருமே பீகார், ஜார்க்கண்ட் பக்கமிருந்து வந்து திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள். மார்ச் 8 ஹோலி. பண்டிகைக்கு ஊருக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மதிய உணவு நேரத்தில், ஊருக்குப் போகாமல் இருந்த ஒரு சிறுமி என் மேசைக்கு அருகில் வந்து நின்றாள்.

"டீச்சர், இங்க இந்தி பேசினா வெட்டுறாங்களா? ஊர்ல இருந்து பாட்டி போன் பண்ணி அழுவுது."

மூன்று ஆண்டுகளாக எங்கள் பள்ளியில் படிப்பவள். அந்தக் கேள்வியை அவள் தமிழில்தான் கேட்டாள்.

அந்த வாரம் நடந்தது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள், கொல்கிறார்கள் என்று காணொளிகள் பரவின. 12 பேரைத் தூக்கிலிட்டுவிட்டார்கள் என்றுகூட எழுதினார்கள். பீகார் சட்டமன்றத்தில் அமளி நடந்தது. அப்போது காவல்துறைத் தலைவராக இருந்த சைலேந்திர பாபு, அவை பொய்யானவை என்று விளக்கினார். பரவிய காணொளிகளில் ஒன்று, திருப்பூரில் பீகார் தொழிலாளர்களின் இரு குழுக்கள் தங்களுக்குள் மோதிக்கொண்டது. இன்னொன்று, கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த சண்டை. பீகார் அரசு அனுப்பிய அதிகாரிகள் குழு திருப்பூருக்கே வந்து தொழிலாளர்களிடம் பேசியது. பொய் பரப்பியவர்கள்மீது இரு மாநிலங்களிலும் வழக்குகள் பதிவாயின.

ஆனால் என்னை யோசிக்க வைத்தவை பொய்க் காணொளிகள் அல்ல, உண்மையான படங்கள். ஹோலிக்கு ஊருக்குப் போகும் கூட்டம் ஒவ்வோர் ஆண்டும் நம் ரயில் நிலையத்தில் நிற்கும். அந்த ஆண்டும் நின்றது. அதே கூட்டம் இப்போது, 'உயிருக்குப் பயந்து ஓடுகிறவர்கள்' ஆகிவிட்டது. அதைப் பார்த்துப் பயந்து மேலும் சிலர் கிளம்பினார்கள். கூட்டம் இன்னும் பெருத்தது. அதே நாட்களில், திருப்பூரில் ரயில் தண்டவாளத்தருகே வடமாநிலத் தொழிலாளர் ஒருவர் இறந்து கிடந்தார். கொலை என்று பேச்சு கிளம்பி, ரயில்வே காவல் நிலையத்தின் முன் தொழிலாளர்கள் திரண்டார்கள். ரயில் மோதித்தான் இறந்தார் என்று காவல்துறை விளக்க வேண்டியிருந்தது. வேறொரு மாதமாக இருந்தால் அந்தச் சாவுக்கு யார் கூடியிருப்பார்கள்?

வதந்தி எப்படி வேலை செய்கிறது என்பதை அமெரிக்க உளவியலாளர்கள் கார்டன் ஆல்போர்ட், லியோ போஸ்ட்மேன் இருவரும் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆராய்ந்தார்கள். அவர்களுடைய நூல் 1947இல் வந்தது. ஒரு விஷயம் நம் வாழ்வுக்கு முக்கியமாக இருக்க வேண்டும், அதைப்பற்றிய செய்தி தெளிவில்லாமலும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் வதந்தி பிடிக்கும் என்றார்கள். இரண்டையும் கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். உயிரும் பிழைப்பும் முக்கியமில்லாத தொழிலாளி கிடையாது. ஆகவே நம் கையில் இருப்பது தெளிவு மட்டும்தான்.

அவர்கள் செய்த ஒரு சோதனை புகழ்பெற்றது. ரயில் பெட்டிக்குள் நடப்பதுபோல ஒரு படம். வெள்ளைக்காரர் ஒருவர் கையில் சவரக்கத்தியோடு கறுப்பினத்தவர் ஒருவரிடம் வாக்குவாதம் செய்கிறார். முதல் ஆள் படத்தைப் பார்த்து இரண்டாமவருக்குச் சொல்ல, அவர் மூன்றாமவருக்குச் சொல்ல, இப்படியே போகும். பாதிக்கும் மேற்பட்ட தடவைகளில், சங்கிலியின் ஏதோ ஓரிடத்தில் கத்தி கறுப்பினத்தவர் கைக்குப் போய்விட்டது. யாரும் பொய் சொல்லவில்லை. மனத்தில் ஏற்கெனவே இருந்த அச்சத்துக்கு ஏற்றபடி படம் தன்னைத் திருத்திக்கொண்டது.

அமெரிக்க அரசியலும் இப்படித் திருத்திக்கொண்ட காலங்கள் உண்டு. 1942இல் ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை, எதிரிக்கு உதவுவார்கள் என்ற சந்தேகத்தில் முகாம்களில் அடைத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அந்நாட்டுக் குடிமக்கள். அரசு மன்னிப்புக் கேட்க 1988 ஆயிற்று. 1950இல் செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி, வெளியுறவுத் துறையில் கம்யூனிஸ்டுகள் நிறைந்திருக்கிறார்கள் என்று கிளப்பினார். அவர் சொன்ன எண்ணிக்கை மேடைக்கு மேடை மாறியது. சந்தேகம் மட்டும் மாறவில்லை.

இந்தச் சூழலுக்கு எழுத்தாளர்கள் சொன்ன பதில்களில் எனக்குப் பிடித்தது, ராட் செர்லிங் எழுதி 1960இல் ஒளிபரப்பான ஒரு தொலைக்காட்சிக் கதை. மேப்பிள் தெரு என்ற அமைதியான தெருவில் திடீரென மின்சாரம் போகிறது. தொலைபேசியும் கார்களும் செயலிழக்கின்றன. கதைப் புத்தகம் படிக்கும் ஒரு சிறுவன், வேற்றுக்கிரகத்தார் மனித உருவில் நம்மோடு இருப்பார்கள் என்கிறான். ஒருவருடைய கார் தானாகக் கிளம்புகிறது. உடனே அவர்மீது சந்தேகம். இரவில் வானத்தைப் பார்த்து நிற்பது அவர் வழக்கம் என்று இன்னொருவர் சேர்க்கிறார். இருட்டில் நடந்து வரும் உருவத்தை ஒருவர் சுட்டுவிடுகிறார். விழுந்தவர், அடுத்த தெரு நிலவரம் பார்க்கப் போன அதே தெருக்காரர். விளக்குகளை அணைத்தும் ஏற்றியும் விளையாடிய வேற்றுக்கிரகத்தார் தொலைவில் நின்று பார்க்கிறார்கள். அவர்களுக்கு ஆயுதமே தேவைப்படவில்லை.

அந்தத் தெரு நமக்கும் தெரிந்த தெருதான். மார்ச்சுக்கு முன்பே, அந்த ஜனவரியில், வடமாநிலத்தவர் தமிழர்களை விரட்டியடிப்பதாகத் திருப்பூர்க் காணொளி ஒன்று இங்கே பரவி, நம்மவர்கள் கொதித்தார்கள். வாய்த்தகராறில் தொடங்கிய சண்டை அது. மார்ச்சில் அவர்கள் நம்மைப் பார்த்துப் பயந்தார்கள்; ஜனவரியில் நாம் அவர்களைப் பார்த்து. உள்ளூர்த் தொழிலாளியின் பயத்தை வெறும் வெறுப்பு என்று ஒதுக்கவும் என்னால் முடியவில்லை. ஆர்டர் குறைந்த காலத்தில், குறைந்த கூலிக்கு ஆள் கிடைக்கிறது என்றால் டெய்லருக்கும் செக்கிங் அக்காவுக்கும் வயிறு கலங்கத்தான் செய்யும். என் அப்பா திண்டுக்கல் பக்கமிருந்து இங்கே வந்தவர். 'தெக்கத்தி ஆளுங்களுக்கு வீடு இல்லை' என்ற பதிலை அவரும் கேட்டிருக்கிறார்.

அடுத்த கல்வியாண்டில் அந்தச் சோதனையை எங்கள் எட்டாம் வகுப்பில் செய்து பார்த்தேன். நானே வரைந்த டவுன் பஸ் படம். ஜன்னலோரம் ஒரு பெரியவர். கம்பியைப் பிடித்தபடி இரண்டு இளைஞர்கள்: உள்ளூர்க்காரன் போலிருப்பவன் கையில் பிசிறு வெட்டும் சின்னக் கத்தரி, மற்றவன் தோளில் பெரிய பயணப்பை, கழுத்தில் கட்டம்போட்ட துண்டு. ஆறு பேர் கொண்ட சங்கிலி. ஐந்து பேர் வராண்டாவில் நிற்க, முதல் ஆள் மட்டும் படத்தைப் பார்த்தான்.

முதல் குழுவில் பெரியவர் காணாமல் போனார், பஸ் ரயிலானது, கத்தரி கத்தரியாகவே, உரியவன் கையிலேயே இருந்தது. சோதனை சொதப்பிவிட்டது என்று நினைத்தேன். இரண்டாம் குழுவில் நான்காவது மாணவன் 'கத்தி' என்றான். ஆறாவது ஆள், "பை வெச்சிருக்கிற இந்திக்காரன் கையில கத்தி இருக்கு" என்று முடித்தான். படத்தைத் திருப்பிக் காட்டினேன். வகுப்பு சிரித்தது, பிறகு மெதுவாகச் சிரிப்பு அடங்கியது. நான்காவது மாணவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் பொய் சொல்லல டீச்சர். எனக்கு அப்படித்தான் கேட்டுச்சு."

இதைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. வதந்தியைப் பற்றிய பாடம் என்று முன்கூட்டியே சொல்லாதீர்கள். சொன்னால் பிள்ளைகள் உஷாராகிவிடுவார்கள். 'இந்திக்காரன்' என்றவனைக் கண்டிக்காதீர்கள். எந்த இடத்தில் எது மாறியது என்பதை மட்டும் கரும்பலகையில் வரிசையாக எழுதுங்கள். புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகளை என்ன செய்வது என்று எனக்குத் தயக்கம் இருந்தது. சங்கிலியில் சேர்க்கவில்லை, ஆனால் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். அது சரியா என்று இன்றும் நிச்சயமில்லை. பாட்டி அழுததைச் சொன்ன அந்தச் சிறுமி சிரிக்கவே இல்லை. பீரியட் முடிந்து படத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது வந்தாள்.

"எங்க ஊர்ல இதே படத்தைக் காட்டினா, கத்தரி கை மாறாது டீச்சர். அந்தத் தமிழ் அண்ணன் கையில பெரிய வாளா ஆகியிருக்கும்."

மார்ச்சில் வராமற்போன ஐவரில் மூவர், ஆண்டுத் தேர்வுக்கு முன் திரும்பி வந்தார்கள். மற்ற இருவரின் அப்பாக்களுடைய எண்களுக்கு ஜூன் வரை முயன்றேன். பிறகு எமிஸ் தளத்தில் அவர்கள் பெயர்களைக் காமன் பூலுக்கு மாற்றினோம். காரணம் கேட்கும் இடத்தில், 'பெற்றோர் இடம்பெயர்வு' என்று பதிந்தேன்.