'ஒரு கோடு கூட விழுந்ததில்ல சார்!' - பழைய கார் வாங்கும்போது விபத்து வரலாற்றைக் கண்டுபிடிப்பது எப்படி?

"டாக்டர் வண்டி சார். சிங்கிள் ஓனர். ஒரு கோடு கூட விழுந்ததில்ல. நாளைக்கு இன்னொரு பார்ட்டி வர்றாங்க. நீங்க டோக்கன் போட்டீங்கன்னா நிறுத்தி வைக்கிறேன்."

மதுரையில் பழைய கார் தேடி அலைந்தவர்களுக்கு இந்த வசனம் புதிதல்ல. பைபாஸ் ரோடு ஆட்டோ கன்சல்டிங்கில் கேட்டாலும் இதுதான், திருமங்கலத்தில் தெரிந்த புரோக்கரிடம் கேட்டாலும் இதுதான். வண்டியும் பளபளவென்று நிற்கும். நாமும் டயரை ஒரு தட்டு தட்டி, ஏசியைப் போட்டுப் பார்த்து, ரிங் ரோட்டில் ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு 'ஓகே' சொல்லிவிடுகிறோம்.

ஆனால் முன்பக்கம் நொறுங்கி, டிங்கரிங் பார்த்து, பெயின்ட் அடித்து நிறுத்திய வண்டியும் அதே மாதிரிதான் பளபளக்கும். வித்தியாசம் தெரிவது அடுத்த விபத்தில். ஏர்பேக் விரிய வேண்டிய நேரத்தில் விரியாமல் போகலாம், பில்லர் தாங்க வேண்டிய இடத்தில் மடங்கலாம். பல வருடச் சேமிப்பு போவது ஒரு பக்கம், வண்டிக்குள் உட்காரப்போவது நம் குடும்பம் என்பது இன்னொரு பக்கம்.

அப்படியென்றால், ஒரு காருக்கு விபத்து நடந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரே இடத்தில் ஏன் கிடைப்பதில்லை?

அமெரிக்காவில் காரின் 17 இலக்க அடையாள எண்ணைக் கொடுத்தால், பதிவான விபத்துகள், உரிமை மாற்றங்கள், வெள்ளச் சேதம் எல்லாம் ஒரே அறிக்கையாக வரும். மோசமாகச் சேதமான வண்டிக்கு அதன் உரிமைச் சான்றிலேயே 'சால்வேஜ்' என்று முத்திரை விழுந்துவிடும். பிரிட்டனில் இன்சூரன்ஸ் நிறுவனம் கைவிட்ட காரை 2017 அக்டோபர் முதல் 'எஸ்', 'என்' என்று வகை பிரிக்கிறார்கள். கட்டுமானம் வரை அடிபட்டிருந்தால் 'எஸ்', அப்படி இல்லையென்றால் 'என்'.

இந்தியாவில் வாங்குபவர் நேரடியாகப் பார்க்கக்கூடிய அப்படி ஒரு பொதுப் பதிவேடு இல்லை. தகவல் இருக்கிறது, ஆனால் சிதறிக் கிடக்கிறது. பதிவு விவரம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில், கிளைம் விவரம் இன்சூரன்ஸ் நிறுவனத்தில், ரிப்பேர் விவரம் ஒர்க்‌ஷாப்பில், வழக்கு விவரம் போலீஸ் ஸ்டேஷனில்.

சாலை விபத்துகளைப் பதிவு செய்ய மத்திய அரசு 'ஐராட்' என்ற தரவுத்தளத்தை உருவாக்கியது. சென்னை ஐ.ஐ.டி.யும் தேசியத் தகவலியல் மையமும் சேர்ந்து உருவாக்கிய இது, முதலில் தொடங்கப்பட்ட 6 மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. ஆனால் அதன் நோக்கம், எங்கே ஏன் விபத்து நடக்கிறது என்று ஆராய்வது. கார் வாங்கப்போகிறவர் நம்பரைத் தட்டிப் பார்ப்பதற்காக அமைக்கப்பட்டது அல்ல. ஆக, இந்தத் துண்டுகளைச் சேர்க்கும் வேலை நம்முடையது.

பரிவாஹனில் என்ன தெரியும், என்ன தெரியாது?

முதல் வேலை, எம்பரிவாஹன் ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்ப்பது. பதிவான தேதி, இன்சூரன்ஸ் எதுவரை, வண்டி மீது லோன் இருக்கிறதா என்பதெல்லாம் வரும். மதுரை வண்டி என்றால் டி.என். 58, 59, 64 என்று தொடங்கும். எத்தனையாவது ஓனர் என்பதை ஆர்.சி.யில் பாருங்கள். 'சிங்கிள் ஓனர்' வசனம் பாதி நேரம் இங்கேயே உடைந்துவிடும்.

ஆனால் 'இந்த வண்டி 2021-ல் லாரியில் மோதியது' என்று பரிவாஹன் சொல்லாது. பரிவாஹன் 'க்ளீன்' என்றால் விபத்தே நடக்கவில்லை என்று அர்த்தம் இல்லை. இதைத்தான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்.

போலீஸ் பதிவும் அப்படித்தான். யாருக்காவது காயம் பட்டு வழக்கானால் எஃப்.ஐ.ஆர். இருக்கும், மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பரிசோதித்து அறிக்கையும் கொடுத்திருப்பார். ராத்திரி நேரத்தில் மீடியனில் தானாக மோதி, யாருக்கும் அடிபடவில்லை என்றால், பெரும்பாலும் பேப்பரே இருக்காது.

இன்சூரன்ஸ் பேப்பரில் ஒரு கணக்கு

அதிகம் உதவுவது பழைய பாலிசி காப்பிகள்தான். அதில் 'நோ கிளைம் போனஸ்' என்ற வரியைத் தேடுங்கள். கிளைம் வாங்காத ஓனருக்கு, சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி இது. முதல் வருடம் கிளைம் இல்லையென்றால் 20%, பிறகு 25, 35, 45 என்று ஏறி, 5 வருடத்தில் 50% ஆகும். நடுவில் ஒரு கிளைம் வாங்கினால், அடுத்த ரினியூவலில் பூஜ்ஜியம்.

இதை வைத்து ஒரு கணக்குப் போடலாம். 2018-ல் புதிதாக வாங்கி, ஒரே ஓனர் ஓட்டிய கார் என்று வைத்துக்கொள்வோம். கிளைமே இல்லையென்றால் 2023 ரினியூவலிலேயே 50% வந்திருக்கும். ஆனால் 2024 பாலிசியில் 25% என்று இருக்கிறது. பின்னோக்கிப் போங்கள்: 2024-ல் 25, 2023-ல் 20, 2022-ல் பூஜ்ஜியம். அப்படியென்றால் 2021-22 பாலிசி காலத்தில் ஏதோ ஒரு கிளைம் நடந்திருக்க வாய்ப்பு அதிகம். இப்போது விற்பவரிடம், "அந்த வருஷம் என்ன கிளைம் போட்டீங்க?" என்று நேராகக் கேட்கலாம்.

ஆனால் இந்த எண்ணை மட்டும் நம்பி முடிவெடுக்கவும் கூடாது.

* இந்த போனஸ் வண்டிக்கானது அல்ல, ஓனருக்கானது. பழைய காரில் சேர்த்த 50%-ஐ அவர் இந்தக் காருக்கு மாற்றியிருக்கலாம்.
* போனஸைக் காப்பாற்ற, கைக்காசு போட்டு வெளியில் ரிப்பேர் பார்த்திருக்கலாம்.
* 'என்.சி.பி. புரொடெக்ட்' என்ற கூடுதல் கவர் இருந்தால், கிளைம் வாங்கியும் போனஸ் குறையாது.
* பாலிசி முடிந்து 90 நாளுக்கு மேல் ரினியூ செய்யாமல் விட்டிருந்தால், கிளைமே இல்லாமலும் பூஜ்ஜியம் ஆகும்.
* வெறும் தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் போட்டு ஓட்டிய வண்டிக்கு, சொந்தச் சேத கிளைம் பதிவே இருக்காது.

அதனால் விற்பவரையே இன்சூரன்ஸ் நிறுவனத்தின் கஸ்டமர் கேருக்குப் பேசச் சொல்லி, கிளைம் விவரத்தை மெயிலில் வாங்கித் தரச் சொல்லுங்கள். அவருடைய பாலிசி, அவர் கேட்கலாம். தயங்கினால், அந்தத் தயக்கமே ஒரு தகவல்.

அதே மாதிரி, கம்பெனி சர்வீஸ் சென்டரில் சர்வீஸ் ஹிஸ்டரி கேட்கச் சொல்லுங்கள். ஆயில் மாற்றிய தேதியைவிட, பாடி ஷாப்பில் எத்தனை நாள் வண்டி நின்றது, பானட், ஹெட்லைட், ஏர்பேக் மாதிரி எதையாவது மாற்றினார்களா என்பதுதான் முக்கியம். ஓடோமீட்டரைக் குறைத்திருந்தால் அதுவும் இங்கே மாட்டும்.

'டோட்டல் லாஸ்' வண்டி திரும்ப ஓடுமா?

ரிப்பேர் செலவு, காருக்கு இன்சூரன்ஸில் குறிப்பிட்ட மதிப்பில் 75%-ஐத் தாண்டினால், அதை 'கன்ஸ்ட்ரக்டிவ் டோட்டல் லாஸ்' என்று முடிவு செய்வார்கள். உடைந்த வண்டி ஏலத்தில் ஸ்கிராப் வியாபாரிகளுக்குப் போகும். திரும்ப ஓட்டவே முடியாத அளவு அழிந்த வண்டி என்றால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-வது பிரிவின்படி 14 நாட்களுக்குள் ஓனர் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து, பதிவை ரத்து செய்ய வேண்டும்.

பதிவை ரத்து செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2020-ல் லக்னோ போலீஸார் பிடித்த கும்பல் ஓர் உதாரணம். டோட்டல் லாஸ் ஆன கார்களின் ஆர்.சி.யையும் சேஸிஸ் எண்ணையும், அதே மாடல் திருட்டுக் கார்களுக்குப் பொருத்தி விற்றிருக்கிறார்கள்.

அதனால் ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணை, வண்டியின் தகரத்தில் அடித்திருக்கும் எண்ணோடு ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிடுங்கள். எண்ணைச் சுற்றி வெல்டிங், சுரண்டல், புது பெயின்ட் இருந்தால் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுங்கள். திருட்டு வண்டியா என்று பார்க்க, தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் தளத்தில் வாகன என்.ஓ.சி. எடுக்கும் வசதியும் இருக்கிறது.

தண்ணீரில் நின்ற வண்டி

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. 2023 டிசம்பரில் முதலில் மிக்ஜாம் புயலால் சென்னை, அதே மாதம் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, நெல்லை. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை. மதுரையிலும் 2024 அக்டோபர் கடைசியில் செல்லூர் பகுதித் தெருக்களில் தண்ணீர் தேங்கியது.

இந்த ஊர்களில் இருந்து வரும் எல்லா வண்டியும் மோசம் என்று அர்த்தம் இல்லை. ஆனால் அந்தக் காலத்தில் வண்டி எங்கே நின்றது என்று கேட்பதில் தப்பில்லை. வெள்ளம் பட்ட கார் உடனே காட்டிக்கொடுக்காது. சில மாதம் கழித்து ஒயரிங் கனெக்டர்கள் பச்சை பிடிக்கும், ஏதேதோ வார்னிங் லைட் எரியும்.

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், அடிப்பகுதியில் மண் கோடு தெரியும். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிப் பார்த்தால் துரு தெரியும். சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட், கார்பெட்டின் ஈர வாசனை, ஃபியூஸ் பாக்ஸில் காய்ந்த சேறு எல்லாம் பாருங்கள். பத்து வயது காரில் கார்பெட் மட்டும் புத்தம் புதிதாக இருந்தாலும் 'ஏன்?' என்று கேளுங்கள்.

பேப்பர் பேசாத இடத்தில் தகரம் பேசும்

காலை வெளிச்சத்தில், காய்ந்த வண்டியைப் பாருங்கள். கழுவி ஈரமாக நிற்கும் வண்டியில் பெயின்ட் வித்தியாசம் தெரியாது.

* இடைவெளி: பானட், கதவு, டிக்கி ஆகியவற்றின் இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே அளவா?
* போல்ட்: பானட், ஃபெண்டர் போல்ட் தலையில் பெயின்ட் உரிந்து ஸ்பேனர் தடம் இருந்தால், கழற்றி மாட்டியிருக்கிறார்கள்.
* பட்டி: துணி சுற்றிய காந்தத்தை வைத்துப் பாருங்கள். பட்டி தடிமனாகப் பூசிய இடத்தில் ஒட்டாது. அளக்கும் கருவி இருந்தால் இன்னும் நல்லது. கம்பெனி பெயின்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான். ஒரே இடத்தில் 500-ஐத் தாண்டினால் அடியில் பட்டி.
* கண்ணாடி: எல்லாக் கண்ணாடியிலும் கம்பெனி பெயரும் தயாரிப்புக் குறியும் இருக்கும். ஒன்று மட்டும் வேறாக இருந்தால், அது மாற்றியது.
* ஏர்பேக் லைட்: சாவியைத் திருப்பியதும் எரிந்து, சில விநாடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. எரியவே இல்லையென்றால் இன்னும் மோசம், யாரோ அதைத் துண்டித்திருக்கலாம்.

கடைசியாக, விற்பவருக்குத் தெரிந்த மெக்கானிக் வேண்டாம், உங்களுக்குத் தெரிந்தவரை அழைத்துப் போங்கள். லிஃப்ட்டில் தூக்கிப் பார்த்தால்தான் அடிப்பகுதி தெரியும்.

அடிபட்ட வண்டி என்றாலே வேண்டாமா?

அப்படி இல்லை. நம்ம ஊர் டிராஃபிக்கில் பம்பரில் கோடு விழாத கார் அபூர்வம். பம்பர், ஃபெண்டர், கதவு எல்லாம் போல்ட்டில் மாட்டியவை. மாற்றியிருந்தால் விலையைக் குறைத்துப் பேசலாம், அவ்வளவுதான். பில்லர், ரூஃப், முன்பக்க ஏப்ரான், சேஸிஸ் ஆகியவற்றை வெட்டி வெல்டிங் செய்திருந்தால், அல்லது ஏர்பேக் ஒருமுறை விரிந்திருந்தால், எவ்வளவு குறைத்துத் தந்தாலும் யோசியுங்கள்.

பணம் கொடுக்கும் முன்பும் பின்பும்

டோக்கன் போடும்போதே, 'பெரிய விபத்து, வெள்ளச் சேதம், டோட்டல் லாஸ் கிளைம் இல்லை. பொய் என்றால் பணம் திருப்பித் தரப்படும்' என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் பேசியதை அழிக்காதீர்கள். கன்சல்டிங் அல்லது நிறுவனத்திடம் வாங்கி ஏமாந்தால், 2 வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. தனிநபரிடம் வாங்கியிருந்தால் அந்த வழி பொதுவாகத் திறக்காது. அப்போது கையில் இருக்கும் ஒப்பந்தம்தான் துணை.

வாங்கிய பிறகு பெயர் மாற்றத்தைத் தள்ளிப் போடாதீர்கள். வாங்கியவர் 30 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ.வில் விண்ணப்பிக்க வேண்டும், இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு 14 நாட்களுக்குள் சொல்ல வேண்டும். பாலிசி உங்கள் பெயருக்கு மாறாமல் வண்டி மோதினால், சொந்தச் சேத கிளைம் மறுக்கப்படலாம். விற்பவருக்கும் இதில் ஆபத்து உண்டு: ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இத்தனையும் பார்க்க இரண்டு, மூன்று நாள் ஆகும். "நாளைக்கு இன்னொரு பார்ட்டி வர்றாங்க" என்று அவசரப்படுத்தினால், "வரட்டும் ணே, அவங்களே எடுத்துக்கட்டும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். ஊரில் வேறு வண்டி இல்லாமலா போகும்?