விமானத்துக்கு ‘வி.டி.’ எண் வாங்கலாம், நீக்குவதுதான் பாடு

இந்தியாவில் பதிவான பயணிகள் விமானம் எதிலும் ‘வி.டி.’ என்று தொடங்கும் ஒரு குறியீடு எழுதப்பட்டிருக்கும். அதைப் பார்த்து விமானம் யாருடைய சொத்து என்று முடிவுகட்ட முடியாது; அது எந்த நாட்டு விமானம் என்பதை மட்டுமே அது சொல்கிறது. 1944-ல் கையெழுத்தான சிகாகோ உடன்படிக்கையின் 17-ம் பிரிவுப்படி, எந்த நாட்டில் பதிவாகிறதோ அந்த நாட்டின் தேசியத்தையே விமானம் பெறுகிறது. ஒரே சமயத்தில் இரண்டு நாடுகளில் பதிவு செய்தால் செல்லாது என்கிறது 18-ம் பிரிவு. பறக்கத் தகுதியானதா என்று சோதித்துப் பொறுப்பேற்க ஓர் அரசு வேண்டும். இரண்டு அரசுகள் இருந்தால் பொறுப்பு யாருக்கும் இல்லாமல் போய்விடும். 2022-ல், தன்னிடம் பதிவாகியிருந்த, ரஷ்ய நிறுவனங்கள் குத்தகைக்கு எடுத்திருந்த விமானங்களின் பறப்புத் தகுதிச் சான்றுகளை பெர்முடா நிறுத்திவைத்தது. ரஷ்யா அவற்றைத் தன் பதிவேட்டில் ஏற்றிக்கொண்டபோது இரட்டைப் பதிவு கூடாது என்ற விதிதான் உடைந்தது.

இந்தியாவில் பதிவு செய்வது விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ. விமானத்தை வாங்கியதற்கான ஆவணம் அல்லது குத்தகை ஒப்பந்தம், சுங்க அனுமதி ஆகியவை தேவை. இவற்றோடு, முந்தைய நாட்டின் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டதற்கான சான்றும் வேண்டும். புது விமானம் என்றால், எங்குமே பதிவாகவில்லை என்ற சான்று. வெளிமாநில வண்டிக்கு இங்கே புது எண் வாங்க, பழைய ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி. கேட்பார்களே, அதே கதைதான். பறப்புத் தகுதிச் சான்று இதற்குள் வராது, அதைத் தனியே பெற வேண்டும்.

இதிலெல்லாம் பெரிய சிக்கல் இல்லை. ஒரு நாட்டின் பதிவேட்டை நம்பலாமா என்று தெரிவது விமானம் வெளியேற வேண்டிய நாளில்தான். நம் விமான நிறுவனங்கள் ஓட்டுபவற்றில் பெரும்பாலானவை குத்தகை விமானங்கள். வாடகை நின்றால் விமானத்தை மீட்டு வேறு நாட்டில் ஓட்ட விடுவதுதான் உரிமையாளரின் முக்கியப் பாதுகாப்பு. ‘வி.டி.’ பதிவு நீங்காதவரை அது நடக்காது. இதற்காகவே உள்ள கேப் டவுன் உடன்படிக்கையில் இந்தியா 2008-ல் சேர்ந்தது. குத்தகைதாரர் முன்கூட்டியே தரும் அதிகாரப் பத்திரத்தைக் காட்டினால் ஐந்து வேலை நாட்களில் பதிவை நீக்கவேண்டும் என்று விதியும் திருத்தப்பட்டது. ஆனால் 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் விமான நிறுவனம் திவால் மனு போட்டதும், சொத்துகளை மீட்கத் திவால் சட்டம் விதிக்கும் தடை அந்த விதியை விழுங்கிவிட்டது. 54 விமானங்களின் பதிவை நீக்கும்படி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது 2024 ஏப்ரலில்தான். ஐந்து நாள் என்ற விதிக்கு ஏறக்குறைய ஓராண்டு பிடித்தது. அதற்குள் விமானக் குத்தகைத் துறையின் கூட்டமைப்பு இந்தியாவைக் கண்காணிப்புப் பட்டியலில் வைத்துவிட்டது.

விமானங்களைப் பறிகொடுத்த நிறுவனம் எப்படி மீளும், அயல்நாட்டு முதலாளிக்கு மட்டும் ஏன் இந்த முன்னுரிமை என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் தரையில் நிற்கும் விமானம் சம்பாதிப்பதில்லை. உதிரிபாகங்கள் கழற்றப்பட்டு, பராமரிப்பின்றி மதிப்பிழக்கிறது. அந்தத் தடையெல்லாம் இருந்தும் கோ ஃபர்ஸ்ட் பிழைக்கவில்லை. 2025 ஜனவரியில் அதைக் கலைக்க உத்தரவாகிவிட்டது. மீட்க முடியாது என்ற அச்சத்தை உரிமையாளர்கள் அடுத்த நிறுவனத்தின் வாடகையில் சேர்ப்பார்கள், அது டிக்கெட் விலையில் வந்து விடியும். தவிர, உடன்படிக்கையில் சேரும்போதே ஊழியர்களின் சம்பள பாக்கிக்கும் அரசுக்குச் சேரவேண்டிய கட்டணங்களுக்கும் இந்தியா முன்னுரிமை கேட்டு அறிவித்திருக்கிறது.

2025 ஏப்ரலில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய விமானப் பொருட்கள் மீதான உரிமைப் பாதுகாப்புச் சட்டம், மற்றச் சட்டங்களோடு முரண்பட்டால் கேப் டவுன் விதிகளே செல்லும் என்று ஆக்கியிருக்கிறது. 17 ஆண்டுகள் தாமதம் என்றாலும் சரியான சட்டம். விமானத்தை ஐந்து நாளில் விடுவிக்கும் அதே கண்டிப்பை, விமானியின் சம்பள பாக்கியை வசூலிப்பதிலும் அரசு காட்டட்டும்.