முதுகுல ஊசி போட்டா ஆயுசுக்கும் இடுப்பு வலியா?

"ஏனுங்க டாக்டர், முதுகுல மட்டும் ஊசி போட்டுறாதீங்க. முழுசா மயக்கம் குடுத்தே ஆபரேஷன் பண்ணிடுங்க!"

சங்ககிரி வட்டாரத்தில் சிசேரியன், குடலிறக்கம், கால் எலும்பு முறிவு என்று எந்த ஆபரேஷனுக்குப் பேச்சு வந்தாலும், தியேட்டர் வாசலில் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். பெரும்பாலும் அது அம்மாவாகவோ அம்மிச்சியாகவோ இருக்கும். "எங்க பெரிய மருமகளுக்கு அப்படித்தான் போட்டாங்க. அஞ்சு வருசமாச்சு, இன்னும் குனிஞ்சு ஒரு குடம் தண்ணி தூக்க முடியலைங்க" என்று கையோடு சாட்சியும் வரும்.

அவர் பொய் சொல்லவில்லை. மருமகளின் இடுப்பு வலி நிஜம். ஆனால், பழி போய் விழுந்திருக்கும் இடம்தான் தப்பு.

தமிழ்நாட்டில் 2019-21ல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 100 பிரசவங்களில் கிட்டத்தட்ட 45 சிசேரியன். அதில் பெரும்பாலானவை முதுகு ஊசியில்தான் நடக்கின்றன. அதாவது, இந்த பயம் ஏதோ ஒரு வீட்டின் பிரச்னை இல்லை. கிட்டத்தட்ட பாதி வீடுகளின் பிரச்னை.

ஊசி போகும் இடம் எது?

முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடம், பெரியவர்களுக்கு இடுப்புக்குச் சற்று மேலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே வெறும் நரம்புக் கற்றைகள்தான். குதிரை வால் மாதிரி பிரிந்து, ஒரு நீர்ப்பைக்குள் மிதந்துகொண்டிருக்கும். மயக்க டாக்டர் ஊசியைச் செலுத்துவது அந்த நீருக்குள். தண்டுவடம் அங்கே இல்லவே இல்லை என்பதால், 'தண்டுவடத்தில் குத்திவிடுவார்கள்' என்ற பயத்துக்கு அங்கே வேலை இல்லை. ஊசியும் மிக மெல்லியதுதான்.

உள்ளே போவது புபிவகெயின் என்ற மருந்து, இரண்டு மூன்று மில்லி. சில நிமிடங்களில் கால் சூடாகும், கனக்கும், பிறகு உங்கள் கால் மாதிரியே இருக்காது. வயிற்றைத் தொடுவதும் இழுப்பதும் தெரியும், வலி தெரியாது. இந்த வித்தியாசத்தை முன்கூட்டியே யாரும் சொல்லாததால்தான் பல பெண்கள் "ஐயோ, எனக்கு மரத்துப் போகலை" என்று அலறுகிறார்கள். ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கலாம். அப்போது குமட்டும், தலை சுற்றும். உடம்பு வெடவெடவென்று நடுங்கும். இதெல்லாம் டாக்டர் எதிர்பார்ப்பதுதான், அங்கேயே மருந்து தயாராக இருக்கும். இரண்டு, மூன்று மணி நேரத்தில் கால் திரும்ப வந்துவிடும்.

'முழுசா மயக்கம்' கொடுத்தால் என்ன? கர்ப்பிணிக்கு வயிறு மேலே தள்ளியிருக்கும், இரைப்பையில் இருப்பது எதிர்க்களித்து நுரையீரலுக்குள் போகும் ஆபத்து அதிகம். தொண்டை வீங்கியிருப்பதால் மூச்சுக்குழாய்க்குள் டியூப் போடுவதும் சிரமம். மயக்க மருந்தின் ஒரு பங்கு குழந்தைக்கும் போகும். முதுகு ஊசியில் இந்தச் சிக்கல்கள் வெகுவாகக் குறைவு. கூடவே, பிள்ளை அழும் முதல் சத்தத்தை அம்மா தன் காதால் கேட்கலாம். அவசரத்தில், அல்லது ரத்தப்போக்கு அதிகமாக இருந்தால் முழு மயக்கம்தான் சரி என்று டாக்டர் முடிவெடுப்பார். அது வேறு கணக்கு.

அப்படியானால் அந்த இடுப்பு வலி?

ஊசி குத்திய இடம் இரண்டு மூன்று நாள் வலிக்கும், தடுப்பூசி போட்ட கை வலிப்பது மாதிரி. வருடக்கணக்கில் நீடிக்கும் இடுப்பு வலிக்கும் ஊசிக்கும் தொடர்பு இல்லை என்றே ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. முதுகு ஊசியே போடாமல் சுகப்பிரசவம் ஆனவர்களுக்கும் இதே வலி வருகிறது. காரணம் கர்ப்பமேதான். ஹார்மோன்கள் இடுப்பு மூட்டுகளின் தசைநார்களைத் தளர்த்துகின்றன. ஒன்பது மாதம் வயிறு முன்னே இழுக்க, முதுகு பின்னே வளைகிறது. பிறகு குனிந்து குனிந்து பால் கொடுப்பது, தூக்கமின்மை, குழந்தையை ஒரு பக்க இடுப்பிலேயே தூக்குவது, வயிற்றுத் தசை வலுவிழந்திருக்கும்போதே குடம் தூக்குவது. இத்தனையும் செய்த பாவம் அந்த ஒரு ஊசியின் தலையில்! பிரசவத்துக்குப் பிறகு வயிற்றுக்கும் முதுகுக்கும் பயிற்சி சொல்லிக்கொடுத்திருந்தால் அந்த மருமகள் இன்று குடம் தூக்கியிருப்பார். வீட்டில் யாரும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் சொல்ல யாருக்கும் நேரமில்லை.

ஆனால், ஊசியால் வரும் வலி ஒன்று உண்டு. அது தலைவலி. ஊசி போட்ட துளை வழியே நீர் கசிந்தால், ஒன்றிரண்டு நாளில் தலை பிளக்கும். உட்கார்ந்தால் வலிக்கும், படுத்தால் விட்டுவிடும். அதுதான் அடையாளம். கூரான முனைக்குப் பதில் பென்சில் முனை போன்ற மெல்லிய ஊசிகள் வந்தபிறகு இது மிகவும் குறைந்துவிட்டது. பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானாகச் சரியாகும். தாங்க முடியாவிட்டால், அவரவர் கையிலிருந்தே கொஞ்சம் ரத்தம் எடுத்து முதுகில் அந்த இடத்தில் செலுத்தி, கசிவை அடைக்கும் சிகிச்சை இருக்கிறது. காய்ச்சலோடு கழுத்து விறைத்தால், கால் மரத்துக்கொண்டே போனால், சிறுநீர் பிரியாமல் இருந்தால் காத்திருக்கவே கூடாது.

இந்தத் தலைவலிக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1898 ஆகஸ்ட்டில் ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பியர் என்ற அறுவை சிகிச்சை நிபுணர், முதுகு வழியே மருந்து செலுத்தி ஒரு தொழிலாளியின் காலில் ஆபரேஷன் செய்தார். அப்போது மருந்து கொக்கெயின். நோயாளிகளுக்குப் பிறகு ஏன் தலைவலி வருகிறது என்று தெரிந்துகொள்ள, தன் முதுகிலேயே போடச் சொன்னார். உதவியாளர் ஹில்டெபிராண்ட் ஊசியைச் சரியாகத்தான் குத்தினார். சிரிஞ்ச் அந்த ஊசியில் பொருந்தவில்லை! நீரும் மருந்தும் ஒழுகிப் போயின. உடனே ஹில்டெபிராண்ட் தன் முதுகைக் காட்டினார். மருந்து ஏறியதும் பியர் அவருடைய கணைக்கால் எலும்பில் இரும்புச் சுத்தியலால் அடித்தார், சுருட்டால் சுட்டார். எதுவும் வலிக்கவில்லை. வெற்றியை ஒயினும் சுருட்டுமாகக் கொண்டாடிவிட்டு இருவரும் வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் ஹில்டெபிராண்டுக்குத் தலைவலி, வாந்தி, காலெல்லாம் காயம். பியர் எழுந்தால் தலை சுற்ற, ஒன்பது நாள் படுத்தே கிடந்தார்.

லாரிக்காரர் கையும் கழுத்து ஊசியும்

சங்ககிரி என்றால் மலைக்கோட்டை ஒரு பக்கம், லாரி இன்னொரு பக்கம். லோடு மேல் ஏறித் தார்ப்பாய் கட்டும்போது சறுக்கி விழுந்து கை உடைவது, பட்டறையில் இரும்புத் தகடு கிழிப்பது, பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் விசைத்தறியில் விரல் மாட்டுவது எல்லாம் இங்கே அன்றாடம். இப்படி வருபவர்களில் பலர் சாப்பிட்ட வயிற்றோடு வருவார்கள். முழு மயக்கம் கொடுத்தால் வாந்தி நுரையீரலுக்குள் போகும் ஆபத்து. இங்கேதான் 'பிளாக்' கைகொடுக்கிறது.

கழுத்துக்குக் கீழே, காறை எலும்புக்குச் சற்று மேலே, கைக்குப் போகும் நரம்புகள் எல்லாம் ஒரு கொத்தாகச் சேர்ந்து போகின்றன. அங்கே மருந்தைச் சுற்றிவிட்டால் தோளுக்குக் கீழே முழுக் கையும் மரத்துவிடும். முன்பு விரலால் தடவி, ஊகித்துக் குத்த வேண்டியிருந்தது. இப்போது கர்ப்பிணிக்குப் பார்க்கும் அதே ஸ்கேன் கருவியில் நரம்பு, ரத்தக்குழாய், நுரையீரலின் விளிம்பு எல்லாவற்றையும் நேராகப் பார்த்துக்கொண்டே ஊசியை நகர்த்துகிறார்கள். சிலருக்குக் கண் இமை லேசாகச் சரியும், குரல் கம்மும். பதறாதீர்கள், மருந்து இறங்கியதும் சரியாகிவிடும். காது ரீங்காரமிட்டாலோ, நாக்கில் உலோக ருசி அடித்தாலோ, உதடு மரத்தாலோ மட்டும் உடனே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். மருந்து ரத்தத்தில் கலப்பதற்கான முதல் அறிகுறி அது.

இந்தக் கை பல மணி நேரம் செத்த கை மாதிரிதான் கிடக்கும். தூளியில் போட்டே வைக்க வேண்டும். சூடான டம்ளர், அடுப்பு, வெந்நீர்ப் பை எதுவும் பக்கத்தில் வேண்டாம். சுட்டால் தெரியாது. பெரிய தப்பு ராத்திரியில் நடக்கிறது. "வலியே இல்லைங்க, மாத்திரை எதுக்கு?" என்று மாத்திரையைத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டுத் தூங்குவார்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு மருந்து முழுசாக இறங்கி, ஒட்டுமொத்த வலியும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். மரப்பு விலகத் தொடங்கும்போதே, விரல் நுனி குறுகுறுக்கும்போதே மாத்திரை உள்ளே போயிருக்க வேண்டும். கட்டுக்குள் கை இறுக்கமாகி, விரல் வெளுத்தாலோ நீலமானாலோ, மாத்திரைக்கும் அடங்காமல் வலி ஏறினாலோ விடியும்வரை காத்திருக்காமல் நர்ஸைக் கூப்பிட வேண்டும்.

இடுப்பெலும்பு முறிந்து வரும் தாத்தா பாட்டிகளுக்கும் தொடைக்கு மேலே இப்படி ஒரு ஊசி போட்டால், ஆபரேஷனுக்கு முன்பே, படுக்கையில் புரட்டும்போது வரும் உயிர் போகும் வலி குறைகிறது. கண்புரைக்குக் கண் மட்டும் மரத்துப்போக ஆபரேஷன் செய்துகொண்டு அன்றே வீடு திரும்பிய தாத்தா இல்லாத தெரு தமிழ்நாட்டில் இல்லை. 1976ல் மதுரையில் 11 படுக்கைகளோடு டாக்டர் ஜி.வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை லட்சக்கணக்கானோருக்குப் பார்வை தந்தது இந்த முறையில்தான். கண்ணுக்கு ஒப்புக்கொள்ளும் அதே தாத்தா, முதுகு என்றால் மட்டும் முரண்டு பிடிப்பார்.

மறைக்கக் கூடாத விஷயங்கள்

மயக்க டாக்டர் ஆபரேஷனுக்கு முன் வந்து கேட்கும் கேள்விகளுக்கு ஆமாம் சாமி போடுவது நம் வழக்கம். மற்றவை போகட்டும், இரண்டில் மட்டும் பொய் கூடாது. ஒன்று, ரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மாத்திரை. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் சாப்பிடும் குளோபிடோக்ரல் போன்றவை இருந்தால், முதுகு ஊசியால் உள்ளே ரத்தம் கட்டி நரம்பை அழுத்தலாம். அதை எப்போது நிறுத்துவது என்பதை டாக்டர் சொல்வார். நீங்களாக நிறுத்தவும் கூடாது. டெங்கு வந்து தட்டணுக்கள் குறைந்தவர்களுக்கும் இதே எச்சரிக்கை.

இன்னொன்று வெறும் வயிறு. ஆபரேஷனுக்கு 6 மணி நேரம் முன்பு சாப்பாட்டை நிறுத்த வேண்டும். வெறும் தண்ணீரை 2 மணி நேரம் முன்புவரை குடிக்கலாம். "ஒரு வாய் டீதானே" என்பார்கள். பால் கலந்த டீ தண்ணீர்க் கணக்கில் வராது, சாப்பாட்டுக் கணக்கில் சேரும். முதுகு ஊசிதானே என்று இதில் சலுகையும் கிடையாது. எந்த நேரமும் முழு மயக்கத்துக்கு மாற வேண்டிவரலாம்.

வலியைப் பொறுத்தால் புண்ணியமா?

ஆபரேஷன் முடிந்த பிறகுதான் வீட்டு வைத்தியர்கள் களத்தில் இறங்குவார்கள். "வலி மாத்திரை சாப்பிட்டா புண்ணு ஆறாது", "பாலு குடிக்கிற பிள்ளைக்கு ஆகாது", "கொஞ்சம் பொறுத்துக்க அம்முணி, நாங்கெல்லாம் பொறுக்கலையா?"

வலியைப் பொறுத்துக்கொண்டு படுத்தே கிடந்தால் ஆழ்ந்து மூச்சிழுக்க முடியாது, இரும முடியாது. சளி கட்டும். நடக்காத காலில் ரத்தம் உறையும். தாய்க்கு வலி இருந்தால் பால் கொடுக்க உட்காரவே முடியாது. ஆரம்பத்திலேயே அடக்காத வலி சிலருக்கு மாதக்கணக்கில் நிலைத்துவிடுகிறது. பாராசிட்டமாலும் ஐபுபுரூஃபனும் பால் கொடுக்கும் தாய்க்கு ஆகாத மருந்துகள் இல்லை. டிரமடால் போன்ற சிலவற்றில்தான் கவனம் தேவை. சிறுநீரகக் கோளாறு, குடல் புண் இருப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்; அவர்களுக்கு மருந்து மாறும். மாத்திரையை வலி வந்தபின் தேடுவதைவிட, முதல் இரண்டு மூன்று நாள் டாக்டர் எழுதிய நேரத்துக்குச் சாப்பிடுவதுதான் பலன் தரும். பக்கத்து மருந்துக்கடையில் தானாக வாங்கி இரட்டிப்பாக்குவது வேறு ஆபத்து. பாராசிட்டமால் ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டினால் கல்லீரல் கெடும்.

பெரிய ஆபரேஷன்களுக்கு மார்ஃபின் தேவைப்படலாம். அதன் பெயரைக் கேட்டாலே 'பழகிடும்' என்ற பயம். 1985ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம் ஆஸ்பத்திரிகளையே பயமுறுத்தி வைத்திருந்தது. 2014 திருத்தத்தில்தான் கெடுபிடி தளர்ந்தது. சங்ககிரியைக் கடக்கும் அதே கொச்சி நெடுஞ்சாலை போய்ச் சேரும் கேரளத்தில், அதற்காக நீண்ட காலம் போராடியவர்களில் முக்கியமானவர் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால். அடிப்படையில் அவரும் ஒரு மயக்க மருத்துவர்தான். 1993ல் கோழிக்கோட்டில் வலி நிவாரண மையத்தை அவரும் நண்பர்களும் தொடங்கினார்கள்.

வலி எவ்வளவு என்று வார்டில் பூஜ்யத்திலிருந்து பத்துவரை எண் சொல்லச் சொல்வார்கள். கொங்கு நாட்டுப் பெண்களிடம் இது எடுபடுவதில்லை. எத்தனை வலித்தாலும் ஒரே பதில், "பரவாயில்லைங்க!" விவரமான நர்ஸ் அந்தப் பதிலை எழுதிக்கொண்டு போய்விட மாட்டார். தலையணையை எடுத்துக் கையில் கொடுத்து, "வயித்துமேல இதை அழுத்திப் புடிச்சுட்டு ஒருக்கா இருமுங்க பார்க்கலாம்" என்பார். இருமும்போது முகம் போகிற போக்கைப் பார்த்துவிட்டு, அடுத்த மருந்தை எடுக்கப் போவார்.