42 கிலோமீட்டர் கயிறு, ஒரு சாப்பாட்டு மேஜை... மரத்தில் போர்க்கப்பல் கட்டும் மனிதர்கள்!

இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் துறைமுகத்துக்கு இன்று போகிறவர்கள், ஹெச்.எம்.எஸ் விக்டரி கப்பலைப் பார்த்துக் கொஞ்சம் ஏமாந்துதான் போவார்கள். படங்களில் பார்த்த கம்பீரமான பாய்மரங்களும், சிலந்தி வலை போல விரியும் கயிறுகளும் அங்கே முழுதாக இல்லை. உயரமான மேல் பாய்மரங்களை 2011-ல் இறக்கிவிட்டார்கள். பிரதான பாய்மரம் 2021-ல் கழற்றப்பட்டது. அடுத்த ஆண்டு தொடங்கிய பெரிய பழுதுபார்ப்பு வேலை பத்தாண்டுக் கணக்கில் நடக்கிறது. பலகைகளை அரித்த பூஞ்சையையும் வண்டுகளையும் அகற்றி, புது ஓக் மரம் பொருத்துகிறார்கள்.

அப்படியானால், எல்லாக் கயிறுகளும் கட்டிய விக்டரியை இப்போது எங்கே பார்ப்பது? அருங்காட்சியகங்களின் கண்ணாடிப் பெட்டிகளில் பார்க்கலாம். அதைவிட அதிகமாக, பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் யார் யார் வீட்டுச் சாப்பாட்டு மேஜை மீதோ பார்க்கலாம்!

பழைய பாய்மரப் போர்க்கப்பல்களை மரத்தில் சிறிய அளவில் கட்டுவது அங்கெல்லாம் நீண்ட காலமாக இருக்கும் பொழுதுபோக்கு. பொழுதுபோக்கு என்ற சொல் இதற்குப் பொருந்துமா என்பது சந்தேகம்தான். ஒரு விக்டரியை முடிக்க ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் ஆகும். வேலைக்குப் போய்க்கொண்டே கட்டுகிறவர்களுக்கு நான்கைந்து வருடங்கள் சர்வசாதாரணம்.

நெல்சனின் கப்பல்

ஏன் எல்லோரும் விக்டரியின் பின்னால் ஓடுகிறார்கள்? கதை அப்படி. 1759-ல் சாத்தம் கப்பல் கட்டும் தளத்தில் வேலை தொடங்கி, 1765-ல் தண்ணீரில் இறங்கிய கப்பல். சுமார் 6,000 மரங்களை விழுங்கியது, அதில் பெரும்பகுதி ஓக். 1805 அக்டோபர் 21 அன்று டிரஃபால்கர் போரில் 104 பீரங்கிகளோடு நின்றது. அந்தப் போரில்தான் அட்மிரல் நெல்சன் இதே கப்பலின் மேல்தளத்தில் சுடப்பட்டு, சில மணி நேரத்தில் இறந்தார். (அதே நெல்சன் பதின்வயதில் சீஹார்ஸ் என்ற கப்பலில் 1774-ல் மெட்ராஸுக்கு வந்து போனவர் என்பது நமக்கான கூடுதல் தகவல்.)

கதை மட்டும் காரணமில்லை. விக்டரியைப் பற்றி எழுதப்பட்ட அளவுக்கு வேறு பாய்மரக் கப்பலைப் பற்றி எழுதியிருக்கிறார்களா என்பது சந்தேகம். லாங்ரிட்ஜ் என்பவர் 1:48 அளவில் விக்டரியைக் கட்டி, கட்டிய விதத்தை 1955-ல் ஒரு புத்தகமாகவே எழுதினார். அந்த மாடல் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. புத்தகத்தை இன்றும் பழைய புத்தகக் கடைகளில் தேடிப் பிடிக்கிறார்கள்.

பெட்டியைத் திறந்தால்...

இப்போது பலரும் கிட் வாங்கித்தான் தொடங்குகிறார்கள். நல்ல கிட்டின் விலை ஒரு நல்ல ஸ்மார்ட்போனின் விலை. பெட்டியைத் திறந்தால் கப்பல் இருக்காது. கட்டுக்கட்டாக மெல்லிய மரப்பட்டிகள், வெட்டிய ஒட்டுப்பலகைத் துண்டுகள், குட்டிக் குட்டிப் பீரங்கிகள், செப்புத் தகடுகள், நூற்கண்டுகள், மடித்து மடித்து வைத்த வரைபடங்கள். அவ்வளவுதான்.

கப்பலின் முதுகெலும்பான ஏராக்கட்டையை முதலில் நிறுத்த வேண்டும். அதில் விலா எலும்பு போலக் குறுக்குச் சட்டங்கள். அவற்றின் மேல் பலகை வேயவேண்டும், அதுவும் இரண்டு அடுக்கு. உள்ளே மலிவான மென்மரம், வெளியே அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் தடிமனில் நல்ல மரம். கப்பலின் முன்பக்கமான அணியம் உருண்டு திரும்பும் இடத்தில் மரப்பட்டி நேராக நிற்காது. தண்ணீரில் ஊறவைத்து, சூடுகாட்டி வளைக்க வேண்டும். ஒவ்வொரு பட்டியையும் முனை நோக்கிச் சீவி ஒடுக்கவேண்டும். சீவாமல் ஒட்டினால் பட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, பலாப்பழத் தோல் மாதிரி ஆகிவிடும்.

இவ்வளவும் சிரமம்தான். ஆனால் அனுபவசாலிகளைக் கேட்டால், இதுவரை நடந்தது முன்னுரை என்பார்கள். உடல் தப்பாகப் போனால் உப்புத்தாள் இருக்கிறது, பூச்சு இருக்கிறது. ஆளைச் சோதிக்கும் இடம் அடுத்தது, ரிக்கிங் எனப்படும் கயிறு கட்டும் வேலை.

முடிச்சு, முடிச்சு, முடிச்சு

உண்மையான விக்டரியில் இருந்த கயிறுகளின் மொத்த நீளம் 26 மைல். கிலோமீட்டரில் சொன்னால் சுமார் 42, அதாவது ஒரு மாரத்தான் ஓட்டத்தின் தூரம்! 1:72 அளவு மாடலுக்கு அதைச் சுருக்கினால்கூட 580 மீட்டர் நூல் வரும். மாடலில் சில கயிறுகளை விட்டுவிடுவார்கள் என்றாலும், நூல் அரை கிலோமீட்டர் கணக்கில்தான் போகும்.

இந்தக் கயிறுகள் அழகுக்காக இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. பாய்மரம் சாயாமல் இழுத்துப் பிடிப்பவை ஒரு வகை. அவை அசையாதவை, மழையும் உப்பும் அரிக்காமல் இருக்கத் தார் பூசியதால் கறுத்திருக்கும். பாயையும், அதைத் தாங்கும் குறுக்குமரமான பருமலையும் ஏற்றி இறக்கித் திருப்புபவை இன்னொரு வகை. அவை கப்பிகள் வழியாக ஓடுபவை, வெளிர் பழுப்பு. மாடலிலும் இந்த இரண்டு நிறங்களில் நூல் வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நிறத்தில் கட்டிய கப்பலை விஷயம் தெரிந்தவர்கள் வாசலில் நின்றே கண்டுபிடித்துவிடுவார்கள்.

பாய்மரத்தின் இரு பக்கமும் ஏணி மாதிரி ஏறுகின்றனவே, அவற்றை கவனித்திருக்கிறீர்களா? செங்குத்தாக இருப்பவை ஷ்ரவுட். மாலுமிகள் கால் வைத்து ஏறும் குறுக்குக் கயிறுகள் ராட்லைன். உண்மைக் கப்பலில் ஒவ்வொரு படிக்கும் இடையே சுமார் 13 அங்குலம். 1:72 மாடலில் அது ஐந்து மில்லிமீட்டர்கூட வராது. குறுக்குக் கயிறு செங்குத்துக் கயிற்றைத் தொடும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு முடிச்சு.

கணக்குப் போடுங்கள். ஒரு பக்கத்தில் 10 ஷ்ரவுட், 35 படி என்று வைத்துக்கொண்டால் 350 முடிச்சு. மூன்று பாய்மரங்கள்; ஒவ்வொன்றிலும் கீழ் ஏணி, மேல் ஏணி; இடமும் வலமும் என்று மொத்தம் 12 ஏணிகள். மேலே உள்ளவை சின்னவைதான். இருந்தாலும் முடிச்சுகள் ஆயிரங்களைத் தாண்டிவிடும். அதுவும் எல்லா முடிச்சும் ஒரே இறுக்கத்தில் விழவேண்டும். கொஞ்சம் இறுக்கிவிட்டால் செங்குத்துக் கயிறுகள் உள்ளே இழுபட்டு, நடுவில் இடை மெலிந்த ஏணியாகிவிடும். பார்த்தவுடன் பிரிக்கவும் மனசு வராது, விடவும் மனசு வராது.

இதற்கெல்லாம் வீட்டு வைத்தியங்கள் இருக்கின்றன. கோடு போட்ட அட்டையை ஷ்ரவுட்டுக்குப் பின்னால் செருகிக்கொண்டால் படிகளின் இடைவெளி பிசகாது. ஷ்ரவுட்டின் அடியில் மூன்று துளையுள்ள வட்டக் கட்டைகள் இரண்டிரண்டாக வரும். பார்க்கக் குட்டி மண்டையோடு மாதிரி இருப்பதாலோ என்னவோ, பெயர் 'டெட் ஐ'. இவை எல்லாம் ஒரே உயரத்தில் நிற்க, கம்பியை வளைத்துக் கொக்கி செய்து இரண்டையும் தற்காலிகமாகக் கோத்து வைப்பார்கள். நூலில் பிசிறு நிற்காமல் இருக்கத் தேன்மெழுகில் இழுப்பவர்கள் உண்டு. மெழுகு தூசியைப் பிடிக்கும் என்று சண்டைக்கு வருகிறவர்களும் உண்டு.

சுற்றளவா, விட்டமா?

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் விழும் ஒரு குழி இருக்கிறது. பழைய கடற்படை ஆவணங்களில் 18 அங்குலக் கயிறு என்று எழுதியிருக்கும். நம் ஆள் 18 அங்குலத்தை 72-ஆல் வகுப்பார். ஆறு மில்லிமீட்டருக்கு மேல் வரும். அந்தத் தடிமனில் கட்டினால் கப்பலில் துணி காயப்போடலாம்! கடற்படையில் கயிற்றை அளந்தது விட்டத்தால் இல்லை, சுற்றளவால். 18 அங்குலச் சுற்றளவு என்றால் மாடலில் இரண்டு மில்லிமீட்டர் நூல்தான்.

கடையில் கிடைக்கும் நூல் சரிப்படாமல், தாங்களே கயிறு திரிக்கிறவர்களும் இருக்கிறார்கள். சின்ன மோட்டாரும் பல்சக்கரங்களும் வைத்து, மூன்று இழைகளைத் தனித்தனியே முறுக்கி, பிறகு எதிர்த்திசையில் ஒன்றாகத் திரிக்கும் கருவி. விக்டரி பிறந்த சாத்தமில் இன்றும் இதே தத்துவத்தில்தான் கயிறு திரிக்கிறார்கள். அங்கே திரிக்கும் கூடத்தின் நீளம் 346 மீட்டர். இங்கே ஒரு வராந்தா போதும்.

வரிசையும் முக்கியம். முதல் ஜோடி ஷ்ரவுட்டை வலப்பக்கம் கட்டினால், அடுத்த ஜோடி இடப்பக்கம். ஒரே பக்கமாகக் கட்டிக்கொண்டே போனால் மரம் அந்தப் பக்கம் வளைந்துவிடும். உண்மைக் கப்பலிலும் இப்படித்தான் மாற்றி மாற்றிக் கட்டினார்கள். அதேபோல, பருமலை மேலே ஏற்றுவதற்கு முன்பே அதில் வரவேண்டிய கப்பிகள் எல்லாவற்றையும் கட்டிவிட வேண்டும். ஒன்றை மறந்துவிட்டு, பிறகு நூறு கயிறுகளுக்கு நடுவே இடுக்கியை நுழைத்துக் கட்ட முயன்றால், ஏற்கெனவே கட்டியவை இரண்டு அறுந்து வரும்.

இத்தனைக்கும் பிறகு பெரும்பாலான மாடல்களில் பாய் மட்டும் இருக்காது. துணியைக் கட்டினால் வருடக்கணக்கில் கட்டிய கயிறுகள் மறைந்துபோகுமே, அதனால்! பாய் எப்படி இருந்தது என்று தெரியாமல் இல்லை. டிரஃபால்கரில் விக்டரியில் இருந்த ஒரு பாயே இன்றும் போர்ட்ஸ்மத்தில் பாதுகாக்கப்படுகிறது, சுமார் 90 ஓட்டைகளோடு.

எலும்பில் ஒரு கப்பல்

கப்பல் மாடல் கட்டுவது பொழுதுபோக்காகத் தொடங்கிய கலை இல்லை. 17-ம் நூற்றாண்டிலிருந்தே இங்கிலாந்தில் அரசுக் கப்பல்களுக்கு 1:48 அளவில் நுணுக்கமான மாடல்கள் செய்தார்கள். மிகச் சில மாடல்களில் அந்தக் காலத்தில் கட்டிய கயிறுகளே இன்னும் மிஞ்சியிருக்கின்றன. கிரீனிச் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் மாடல்களைப் பராமரித்த ஜேம்ஸ் லீஸ், அப்படிப்பட்ட மாடல்களை ஆராய்ந்து 1979-ல் வெளியிட்ட புத்தகம்தான் இன்று ஆங்கிலேயக் கப்பல் கட்டுகிறவர்களுக்கு வேதம். உண்மைக் கப்பல்கள் மக்கிப்போன பிறகு, எந்தக் கயிறு எங்கே போனது என்று சாட்சி சொன்னவை இந்தச் சின்னக் கப்பல்கள்தான்.

இன்னொரு கதை மனதைப் பிசையும். நெப்போலியன் காலப் போர்களில் பிடிபட்ட ஆயிரக்கணக்கான பிரெஞ்சு வீரர்களும் மாலுமிகளும் பீட்டர்பரோ அருகே நார்மன் கிராஸ் முகாமில் வருடக்கணக்கில் அடைக்கப்பட்டிருந்தார்கள். சாப்பாட்டில் கிடைத்த எலும்புகளை வேகவைத்துச் சுத்தம் செய்து, பலகைகளாகச் சீவி, போர்க்கப்பல்கள் கட்டினார்கள். நூல் கிடைக்காதபோது தலைமுடியைக்கூடத் திரித்து ரிக்கிங் கட்டியிருக்கிறார்கள். முகாம் சந்தையில் அவற்றை விற்ற காசில் நல்ல சாப்பாடு, துணி. கையில் வரைபடம் கிடையாது. ஏறி இறங்கிய கயிறுகள் என்பதால் கைக்கு நினைவிருந்தது. பீட்டர்பரோ அருங்காட்சியகத்தில் அந்தக் கப்பல்கள் இன்றும் இருக்கின்றன.

எந்த விக்டரி சரி?

சரியாகக் கட்டவேண்டும் என்ற பிடிவாதத்துக்கும் சோதனை வரும். பல ஆண்டுகளாக விக்டரி என்றால் கறுப்பும் அடர் மஞ்சளும். கிட் பெட்டிகளின் படமும் அதுதான். பழைய பூச்சுகளை அடுக்கடுக்காக ஆராய்ந்த பிறகு, டிரஃபால்கர் காலத்தில் அந்த மஞ்சள் இன்னும் வெளிறி, லேசான இளஞ்சிவப்புச் சாயலோடு இருந்தது என்று சொல்லி 2015-ல் உண்மைக் கப்பலுக்கே நிறம் மாற்றிவிட்டார்கள். அப்போது பாதிக் கப்பலோடு உட்கார்ந்திருந்தவர்களின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்! மாற்றினவர்கள் உண்டு, கடைசிவரை மாற்றாதவர்களும் உண்டு.

2021-ல் கழற்றப்பட்ட பிரதான பாய்மரத்தின் கதையும் சுவாரஸ்யம். அது மரமே இல்லை. 1890-களில் ஹெச்.எம்.எஸ் ஷா என்ற வேறொரு கப்பலிலிருந்து எடுத்துப் பொருத்திய 26 டன் இரும்புக் குழாய். அந்த ஒரு விஷயத்தில், மேஜை மேல் மரத்தில் நிற்கும் விக்டரி போர்ட்ஸ்மத்தில் நின்றதைவிட நெல்சன் காலத்துக்கு நெருக்கமானது.

பாதியில் நிற்கும் கப்பல்கள்

முடித்த பிறகு எங்கே வைப்பது என்பது வீட்டில் வரும் முதல் கேள்வி. 1:72 விக்டரி ஏறக்குறைய 1.4 மீட்டர் நீளம், உயரமும் ஒரு மீட்டரை நெருங்கும். கண்ணாடிப் பெட்டி போடாவிட்டால் தூசி படியும். தூசி தட்டப்போய்க் கயிறு அறுந்த சோகக் கதைகள் இந்த வட்டாரத்தில் நிறைய.

ஆனால் அந்தக் கேள்வி வரை எல்லோரும் போவதில்லை. தொடங்கிய கப்பல்களில் நிறைய உடல் முடிந்து, கயிறு தொடங்கும் இடத்தில் நின்றுவிடுகின்றன. பொறுமை போவது ஒரு காரணம். பணி ஓய்வுக்குப் பிறகு செய்யலாம் என்று பெட்டியைப் பரணில் வைத்தவர்களுக்கு, இறக்கும்போது கண் மங்கியிருக்கிறது, விரல் நடுங்குகிறது. அதனால்தான் முதல் கப்பலாக விக்டரியை எடுக்காதீர்கள், ஒற்றைப் பாய்மரப் படகு ஒன்றை முதலில் கட்டுங்கள், நூல் வேலையைக் கண் நன்றாக இருக்கும்போதே பழகிக்கொள்ளுங்கள் என்று அனுபவசாலிகள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். யாரும் கேட்பதில்லை.

கட்டியவர் இறந்த பிறகு, அரைகுறைக் கப்பலைக் குடும்பத்தினர் விற்கவோ சும்மா கொடுக்கவோ செய்வதும் உண்டு. அப்படிக் கிடைப்பவற்றை விரும்பி வாங்கி முடித்துக்கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். கிட் புதிதாக வாங்குவதைவிட இது கடினம். முந்தையவர் எந்த நூலை எதற்கு வைத்திருந்தார், எந்தத் தடிமனைத் தேர்ந்தெடுத்தார் என்று ஊகிக்க வேண்டும். முதலில் கத்தரியை எடுக்கக் கூடாது. வரைபடத்தில் பென்சிலால் டிக் போட்டிருந்தால், கடைசி டிக் எங்கே என்று பார்க்க வேண்டும். பிறகு கப்பலை முன்னாலிருந்து, கண் மட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஷ்ரவுட் கட்டி நிறுத்தியிருந்தால் மரம் அந்தப் பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும். அதை நிமிர்த்த, அவர் விட்ட இடத்திலிருந்து மறுபக்கத்து முதல் ஜோடியைக் கட்டித் தொடங்கவேண்டும்.