சோலையும் கோயிலும்

கல்லாற் கோயில் எடுக்கக் கற்பதற்கு முன்னரே மக்கள் கடவுளுக்கு உறைவிடம் கண்டனர். மரம் அடர்ந்த சோலையே அவ்வுறைவிடம். முருகன் உறையும் இடங்களை எண்ணப் புகுந்த திருமுருகாற்றுப்படை, காட்டையும் காவையும் கடம்ப மரத்தையும் அவற்றுள் வைத்து எண்ணுகின்றது. சங்ககால மன்னர் ஒவ்வொருவர்க்கும் காவல்மரம் ஒன்று இருந்தது. அதனை வெட்டி வீழ்த்துதலே பகைவர்க்குப் பெருவெற்றி. இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் பகைவரின் கடம்பினை வெட்டிய செய்தியைப் பதிற்றுப்பத்து போற்றிப் பேசுகின்றது.

இந்நெறி தமிழர்க்கு மட்டும் உரியதன்று. மேலை ஐரோப்பாவில் வாழ்ந்த கெல்த்தியர் தம் திருச்சோலையை ‘நெமெற்றன்’ என்றனர். துரூயிதர் எனப்பட்ட அவர்தம் குருமார் கருவாலி மரத்தைப் புனிதமாகக் கொண்டனர். கி.பி. 60–61 அளவில் உரோமப் படை வேல்சு நாட்டை அடுத்த மோனாத் தீவினுட் புகுந்து, ஆங்கிருந்த சோலைகளை வெட்டி அழித்தது. தாசித்தசு என்னும் வரலாற்றாசிரியர் இதனைக் குறித்துள்ளார். சோலை வீழ்ந்தால் சமயம் வீழும் என்பதை உரோமர் நன்கறிந்திருந்தனர் போலும்.

இனி நம் நாட்டை நோக்குவோம். கல்முனைக்கு வடக்கே, மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையில் உள்ளது கொக்கட்டிச்சோலை. வேடன் ஒருவன் கொக்கட்டி மரத்தைக் கோடரியால் வெட்ட, இரத்தம் பெருகிற்றென்றும், அவ்விடத்தே இலிங்கம் தோன்றிற்றென்றும் கூறுவர். தான்தோன்றீசுவரர் என்னும் திருநாமத்தின் காரணம் இதுவே. மண்டூர்க் கந்தன் ஆலயமும் தில்லை மரத்தின் பெயரால் ‘தில்லை மண்டூர்’ என வழங்கும். உகந்தையிற் கூடிக் கதிர்காமம் நோக்கிக் காட்டுவழியே நடக்கும் அடியார்க்கு அக்காடு வெறும் வழியன்று, அதுவும் திருத்தலமே.

கொக்கட்டிச்சோலைக் கதையில் ஓர் அரிய கருத்து உண்டு. மரத்தை வெட்டினால் தெய்வத்தின் உடலிலே காயம் படும் என்பதே அது. தமிழகத்துக் கோயிற்காடுகளைக் காத்ததும் இவ்வுணர்வே. அங்கே பச்சைக் கிளையை ஒடித்தல் ஆகாது; பாதரட்சையுடன் புகுதலும் ஆகாது. ஆகவே, சுற்றுப்புறம் வயலான பின்னும், அரிய மூலிகைகளும் பறவைகளும் நீர்நிலைகளும் ஆங்கே எஞ்சின.

ஆயின் சிறு பீடம் பெருங்கோயிலாகுந்தோறும் காடு சுருங்குவதை ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். மண்டபத்துக்கும் மதிலுக்கும் வீதிக்கும் இடம் வேண்டும். முதலில் மரமே விலகுகின்றது. தெய்வம் கட்டடத்துக்குள் குடிபுகுந்ததாக எண்ணியவுடன், வெளியே நிற்கும் சோலை காவல் இழக்கின்றது. கெல்த்தியர் சோலையைப் பகைவரின் கோடரி அழித்தது; நம் சோலையை அன்பரின் கோடரியே அழித்துவிடக்கூடும்.

அழிந்ததை மீட்டல் எளிதோ? 1964ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ரொஸ் நிக்கல்ஸ் என்பவர் புதிய துரூயிதர் சங்கம் ஒன்றை நிறுவினார். அதன் கிளைகள் சில இன்றும் ‘சோலை’ என்றே பெயர் பெறுகின்றன. ஆனால் பழைய துரூயிதர் தம் சமயத்தை எழுதிவைத்தாரல்லர். எனவே புதியோர் பிறர் எழுதிய குறிப்புகளையும் தம் கற்பனையையும் துணைக்கொள்ள வேண்டியவராயினர். நமக்கோ மரபு இன்னும் அறுந்திலது. 2025இல் திண்டுக்கல் மாவட்டத்துக் காசம்பட்டி வீரகோயிற்காட்டைப் பல்லுயிர் மரபுத் தலமாகத் தமிழக அரசு அறிவித்தது. மரபும் சட்டமும் கைகோத்தல் இயலும் என்பதற்கு இது சான்று.

ஒருநாள் வகுப்பிலே, “கொக்கட்டி மரத்தைக் கண்டவர் யார்?” என வினவினேன். ஒரு கையும் உயரவில்லை. வினவிய யானும் அதனை இனங்காணவல்லேன் அல்லேன். மருதமுனை, ஆலையடிவேம்பு, நாவற்குடா என நம் ஊர்ப்பெயர்களில் மரங்கள் நிற்கின்றன. அவை மண்ணிலும் நிற்க வேண்டுமாயின், திருப்பணி செய்வோர் கோபுரத்தோடு ஒரு சோலையையும் எடுப்பாராக. ஆசிரியராகிய நாம் மாணாக்கரை அம்மரங்களின் நிழலுக்கு அழைத்துச் செல்வோமாக.