கம்பளிக் காலுறையும் எம்மவர் சலவை முறையும்

வெருகலாற்றுக்கும் கொட்டியாரக் குடாவுக்கும் இடைப்பட்ட ஈச்சிலம்பற்றிலே கம்பளி உடுப்பதற்கு வேண்டிய குளிர் ஒருநாளும் இல்லை. கச்சான் வீசும் ஆனி, ஆடித் திங்களில் மேலாடையே சுமையாகத் தோன்றும் நிலம் இது. ஆயினும் கம்பளிக் காலுறை இப்பகுதி வீடுகளிலும் புகுந்துவிட்டது. சிவனொளிபாத மலைக்கு யாத்திரை செல்வோர் மலைநாட்டுக் கடைகளில் அதனை வாங்கி வருகின்றனர். குளிர்நாடுகளிற் குடியேறிய பிள்ளைகள் விடுமுறைக்கு வருங்காற் பெட்டியில் வைத்துக் கொணர்கின்றனர். வந்தவற்றை நாம் துவைக்கும் முறையே ஈண்டு ஆராயத்தக்கது.

சில ஆண்டுகளுக்கு முன் ரொறன்ரோவிலிருந்து வந்த என் மருமகனிடம் இரண்டு சோடிக் காலுறைகள் இருந்தன. அவன் குடியிருந்த வீட்டின் அயலில் வாழ்ந்த மூதாட்டி ஒருவர் தம் கையாற் பின்னிக் கொடுத்தவை அவை. மகன் அறியாமல் அவற்றைத் தூய்மை செய்து வைக்க விரும்பிய என் தமக்கையார், சலவைச் சோடா கலந்த கொதிநீரில் ஊறவைத்து, கிணற்றடிக் கல்லில் அடித்துத் துவைத்து, உச்சி வெயிலில் வேலியிற் காயப்போட்டார். மாலையில் எடுத்தபோது அவை ஐந்து வயதுக் குழந்தையின் காலுக்கே அளவாயிருந்தன. தடிப்போ இருமடங்கு. நூல் மட்டமானது என்று அவர் சொன்னார். நூலிற் குறையில்லை, அவர் கையிலும் குறையில்லை. பருத்திக்கு உரிய கலையைக் கம்பளிமேற் செலுத்தியதே பிழை.

எம்மவர் சலவைக் கலை முழுவதும் பருத்தியைக் கருதி வளர்ந்ததாகும். உவர்மண்ணின் காரம், வெள்ளாவியின் வெப்பம், கல்லில் அடிக்கும் அடி ஆகிய மூன்றாலும் வேட்டி வெண்மை பெறுகிறது. பருத்தி செலுலோசினால் ஆனது. காரத்தை நன்கு தாங்கும். கம்பளியோ நம் தலைமயிரையும் நகத்தையும் போலக் கெரற்றின் என்னும் புரதத்தால் ஆனது. 5 வீதக் காரச் சோடாக் கரைசலிற் சிறிது நேரம் கொதிக்க வைத்தாற் கம்பளி முற்றாகக் கரைந்துவிடும், பருத்தி கரையாது. இரண்டையும் வேறுபிரித்தறிய ஆய்வுகூடங்களிற் கையாளும் சோதனையே இது. சலவைச் சோடா அத்துணைக் கொடியதன்று. ஆயினும் அது செல்லும் திசையும் அதுவே.

சுருங்குதற்குக் காரணம் வேறொன்று. கம்பளி மயிரை உருப்பெருக்கியில் நோக்கினால் அதன் புறத்தே கூரை ஓடுகள்போல் ஒன்றன்மேலொன்றாகச் செதில்கள் அடுக்கியிருத்தலைக் காணலாம். செதிலின் விளிம்பு மயிரின் நுனியை நோக்கியிருக்கும். ஆதலால் அடியிலிருந்து நுனிவரை தடவினால் வழுக்கும். எதிர்ப்புறம் தடவினால் தடுக்கும். நீரில் நனைந்து மென்மையுற்ற மயிர்களைத் தேய்த்தும் அடித்தும் அலைத்தால், ஒவ்வொன்றும் தன் அடியை நோக்கியே நகரும். வந்த வழியே மீளாது. இவ்வாறு மயிர்கள் ஒன்றையொன்று பற்றி இறுகுகின்றன. வெப்பமும் காரமும் இந்நகர்வை விரைவுபடுத்தும். காசுமீரத்தார் நம்தா என்னும் விரிப்பைச் செய்வதும் இம்முறையாலேயே: கம்பளியைப் பரப்பி, சவர்க்கார நீர் தெளித்து, உருட்டி அழுத்துவர். அவர்க்குத் தொழிலாவது நமக்கு இழப்பாகிறது.

இவ்விறுக்கம் மீளாதது. ஆனால் முதற்சலவையில் நேரும் சிறு சுருக்கம் அனைத்தும் இவ்வகையினது அன்று. பின்னும்போது இழுபட்ட நூல் நனைந்து தளர்வதாலும் சுருக்கம் உண்டாகும். ஈரமாயிருக்கும்போதே மெல்ல இழுத்து அளவுக்குக் கொணர்ந்தால் அது நீங்கும். என் தமக்கையார் இழுத்தும் பார்த்தார்; பயனில்லை.

அவ்வாறாயின் துவைப்பது எங்ஙனம்? பட்டை எண்ணிப் பார்த்தால் விடை கிடைக்கும். பட்டும் புரதமே. கூறைச்சேலையைக் கல்லில் அடிக்க எவர் துணிவர்? பூந்திக்கொட்டை நீரிலே பட்டையும் கம்பளியையும் கழுவும் வழக்கம் நம் முன்னோரிடம் இருந்தது. அந்நீர் சற்றே அமிலத்தன்மை உடையது, கம்பளிக்கு ஏற்றது. ஐந்தாறு காய்களை உடைத்து, விதை நீக்கி, தோலை இரவு முழுதும் ஊறவைத்துப் பிசைந்து வடித்தாற் போதும். வெளிறிய நிறக் காலுறையில் இது சிறிது பழுப்பேற்றக்கூடும். அதற்குத் தலைக்கிடும் ஷம்பூவில் ஒரு கரண்டி கலந்துகொள்க. கட்டிச் சவர்க்காரம் காரத்தன்மை உடையது. அன்றியும் வன்னீரில் நுரையாது படிவாய் ஒட்டும். படிவை நீக்கத் தேய்க்க நேரும். புரதக் கறையைச் செரிக்கும் நொதியங்கள் சேர்ந்த சலவைத்தூளும் ஆகாது. அது கம்பளியையே செரிக்கத் தொடங்கும். குளோரீன் வெளிற்றியை அணுகவே விடலாகாது.

நீரைச் சூடாக்க வேண்டுவதில்லை. மேனாட்டார் இயந்திரத்தில் 30 பாகை செல்சியசு வைத்துக் கம்பளி துவைக்கின்றனர். எம் கிணற்று நீரோ இயல்பாகவே ஏறத்தாழ அவ்வெம்மையது. காலுறையை உட்புறம் வெளியாகத் திருப்பி, பத்து நிமிடம் அமிழ்த்தி வைத்து, உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி விடுக. தேய்த்தலும் முறுக்குதலும் கூடா. அதே வெம்மையுள்ள நீரில் இருமுறை அலசி, இறுதி நீரிற் சிறிது வினாகிரி சேர்த்தால் எஞ்சிய காரம் நீங்கும். பின் துவாயிற் சுருட்டி அழுத்தி நீரை வாங்கி, பாயில் நிழலிற் பரப்பிவிடுக. கொடியில் தொங்கவிட்டால் நீரின் பாரத்தால் நீண்டு தொய்யும்.

குளிர்நாட்டிலுள்ள பழைய மாணவர் காலுறையின் சீட்டை நோக்குதல் நன்று. தொட்டியுட் கை வரைந்திருப்பின் கையாற் கழுவுக; சதுரத்துள் வட்டமிட்டுக் குறுக்கே வெட்டியிருப்பின் உலர்த்தும் இயந்திரத்தில் இடற்க. செதில் விளிம்புகளைக் குளோரீனால் தேய்த்துப் பசையாற் பூசிய கம்பளி சுருங்குவது அரிது; அதனைக் கம்பளிக்குரிய முறையில் இயந்திரத்திலும் துவைக்கலாம். கையாற் பின்னியது பெரும்பாலும் இவ்வகையினது அன்று.

சப்பாத்தினுள் வெப்பமும் வியர்வையும் உராய்வும் ஒருங்கே இருத்தலால் குதிகாலிலும் பெருவிரலிலும் காலுறை அணியும்போதே இறுகும் என்பதும் கருதத்தக்கது. இரு சோடிகளை மாறி மாறி அணிதல் வேண்டும். மறுபுறம், ஒவ்வொரு முறை அணிந்தவுடனும் துவைக்க வேண்டுவதில்லை. கம்பளி தன் நிறையின் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு நீராவியை ஈரந்தோன்றாது ஏற்கும். ஓரிரவு காற்றில் விரித்தால் அதனை விட்டுவிடும்.

ஊரில் விட்டுச் செல்லும் காலுறைக்கு அந்துப்பூச்சியே பகை. அதன் புழு கெரற்றினைச் செரிக்க வல்லது. வியர்வையும் அழுக்கும் படிந்த இடத்தையே முதலில் நாடும். ஆகவே துவைத்து நன்கு உலர்த்திய பின்னரே பெட்டியில் வைத்து இறுக மூடுக. மாரி தொடங்குமுன் ஒருமுறை வெளியே எடுத்து உதறிக் காற்றாட விடுதல் வேண்டும்.