தொடை எலும்புக்குள்ளே ஒரு கம்பி!

மார்பகப் புற்றுநோய்க்கு வைத்தியம் முடிச்ச உங்க பாட்டி, 'தொடை குடையுதுடா'ன்னு சொல்றாங்களா? தைலம் தேய்க்காதீங்க ப்ளீஸ். கட்டுப் போடவும் கூட்டிட்டுப் போகாதீங்க. முதல்ல எக்ஸ்-ரே!

மார்பகம், நுரையீரல், தைராய்டு, சிறுநீரகம்... எங்கேயோ முளைச்ச புற்று, எலும்புக்கும் குடிவரும். கரையான் அரிச்ச உத்தரம் மாதிரி உள்ளேயே கரைஞ்சு, ஒருநாள் படி இறங்கும்போது 'மளுக்'!

அது உடையும் முன்னே கணிக்க, 1989-ல் மிரெல்ஸ் என்ற மருத்துவர் ஒரு மார்க் ஷீட் போட்டார். இடம், வலி, அளவு, எக்ஸ்-ரே தோற்றம் - மொத்தம் 12 மார்க். நம்ம செமஸ்டர் மாதிரி இல்லீங்க, இங்கே 9 எடுத்தா ஆபரேஷன்!

எலும்புக்குள் நீளமா ஒரு கம்பி இறக்குவாங்க. கான்கிரீட்டுக்குள் முறுக்குக்கம்பி... சிவில் பசங்களுக்குச் சொல்லணுமா? பள்ளத்தை அடைக்க 'எலும்பு சிமென்ட்'. பேர்தான் சிமென்ட், சரக்கு அக்ரிலிக் பிளாஸ்டிக். மூட்டே அரிச்சுப் போயிருந்தா உலோக மூட்டு. அதை ஆளுக்கு அளவெடுத்துப் பொருத்திப் பேர் வாங்கியவர், 2007-ல் பத்மஸ்ரீ பெற்ற சென்னை டாக்டர் மயில்வாகனன் நடராஜன். அப்புறம் கதிர்வீச்சு.

புற்று இதனால் குணமாகாது. ஆனா, பாட்டி தானா எழுந்து பாத்ரூம் போவாங்க. படுக்கையில் கிடக்கிறவங்களைக் கேட்டா தெரியும், அது எவ்வளவு பெரிய விஷயம்னு.

விழுப்புரம், திண்டிவனம் மக்களுக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி வழியிலேயே இருக்கு. புதுச்சேரி ஜிப்மரும் பக்கம்தான். காலை ஊன்றும்போது வலி கூடுதா? அப்போ ஊன்ற விடாமக் கூட்டிட்டுப் போங்க.